இரு முகடும் ஒரு பள்ளமும்

சராசரி! சொல்ல எளிய சொல். கேட்க நேர்மையான சொல். நம்புவதற்கு ஏற்ற சொல். ஊரின் வருவாய் என்ன என்று கேட்டால் சராசரியைக் காட்டுகிறார்கள். பெய்த மழை எவ்வளவு என்றால் சராசரியைக் காட்டுகிறார்கள். மாணவரின் தரம் எப்படி என்றால் அதற்கும் சராசரியே விடை. பத்துப்பேர் பட்டினி கிடக்க, ஒருவர் மட்டும் பதினோரு இலைச் சோற்றை உண்டு ஏப்பம் விட்டாலும், தலைக்கு ஓர் இலை என்று கணக்கு முடிந்துவிடுகிறது. கணக்கில் பிழை இல்லை. பட்டினியும் தீரவில்லை!

ஆற்றின் சராசரி ஆழம் முழங்காலளவே என்று கணக்கிட்டுக் குடும்பத்தை இறக்கிவிட்ட கணக்குப்பிள்ளையின் கதை நாடறிந்தது. கேட்டோம், சிரித்தோம், மறந்தோம். மறந்திருக்கக் கூடாது. அந்தக் கதைக்குள் ஓர் அறக்கேள்வி ஒளிந்துகொண்டிருக்கிறது. பலரைக் கூட்டி, வகுத்துப் பெற்ற ஓர் எண், அவர்களுள் ஒருவரையேனும் குறிக்காதபோது, அந்த எண்ணைக் கொண்டு அவர்களை ஆள்வது அறமாகுமா? எண்ணுகிறவர்கள் இக்கேள்வியை எழுப்புவதில்லை. எண்ணப்படுகிறவர்களே எழுப்ப வேண்டும்.

கெங்குவார்பட்டியில் நின்று வடக்கே நோக்கினால் கொடைக்கானல் மலைத்தொடர் நீண்ட மதில்போல் எழுந்து நிற்கக் காண்கிறோம். மலையின் உச்சி விளிம்பை முகடு என்கிறோம். இரண்டு முகடுகளுக்கு நடுவே பள்ளம் இருக்கும் என்பதை ஆடு மேய்க்கும் சிறுவனும் அறிவான். புள்ளியியல் அறிஞர்கள் இந்தச் சொல்லையே எடுத்தாண்டார்கள். ஒரு கூட்டத்தில் எந்த அளவு மிகுதியாகத் தென்படுகிறதோ அந்த அளவுக்கு முகடு என்று பெயர். ஒரே முகடுள்ள கூட்டமும் உண்டு. இரு முகடுள்ள கூட்டமும் உண்டு.

விளங்கச் சொல்வோம். பெரியகுளம் வட்டாரத்தின் மாந்தோப்பு ஒன்றில் ஒரே மரத்தின் காய்களைப் பறித்து, ஒவ்வொன்றாக எடைபோட்டு, ஒத்த எடையுள்ளவற்றை ஒரே வரிசையில் அடுக்குவோம். மிகச் சிறியவை சில, மிகப் பெரியவை சில, நடுத்தரமானவை பல. அடுக்கு நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும். அது ஒரு முகடு. இப்போது சிறிய காசா லட்டையும் பெரிய பங்கனபள்ளியையும் ஒரே கூடையில் கொட்டி அதே வகையில் அடுக்கினால் என்ன காண்போம்? இரண்டு குன்றுகள், நடுவே ஒரு பள்ளம். அந்தக் கூடையின் சராசரி எடையைக் கண்டுபிடித்தால் அது பள்ளத்தின் அடியில் போய் விழும். ‘சராசரி மாங்காய்’ ஒன்றைக் கொடு என்றால், கூடை முழுதும் துழாவினாலும் கிடைக்காது!

கூடையை விடுவோம், வானத்தைப் பார்ப்போம். கெங்குவார்பட்டிச் சமவெளியில் சித்திரையிலும் வைகாசியிலும் வெயில் மண்ணைச் சுட, ஈரக்காற்று மேலெழுந்து இடியோடு மழையாய் இறங்குகிறது. அது சிறு முகடு. பின்னர் ஆனி, ஆடி. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத்தொடர்ச்சி மலையில் மோதி, சுமந்துவந்த நீரை அப்பாலே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு நம் பக்கம் இறங்குகிறது. காற்று உண்டு, மழை இல்லை. அது பள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலிலிருந்து வடகிழக்குப் பருவமழை வருகிறது. அது பெரு முகடு. ஆண்டு மழையைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, ‘மாதம் இவ்வளவு மழை’ என்று ஒருவர் ஏட்டில் எழுதலாம். அந்த ஏட்டை நம்பி விதைப்பவன் இவ்வட்டாரத்தில் ஒருவனும் இல்லை. எழுத்தறியாத உழவனுக்குத் தெரிந்த இரு முகடு, எழுதத் தெரிந்தவரின் ஏட்டில் காணாமற்போய்விட்டது.

மலைக்கு அப்பால், பெரியாற்றின் பக்கம், கதை நேர் எதிர். நமக்குப் பள்ளமாக இருக்கும் ஆனியும் ஆடியும் அவர்களுக்கு முகடு. இந்த இரண்டையும் ஒரே பார்வையில் கண்டவர்கள் முல்லைப் பெரியாற்று அணையைத் திட்டமிட்டவர்கள். கண்டதைக் கட்டி முடித்தவர் பொறியாளர் ஜான் பென்னிகுயிக். 1895 அக்டோபரில் அணை திறந்துவைக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீர், மலையைக் குடைந்த சுரங்கவழியே கிழக்கே திரும்பியது. அவர்களது முகட்டில் மிஞ்சியதை நமது பள்ளத்தில் ஊற்றினார்கள்! இன்று லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறதென்றால், அது வருணனுக்குச் செய்த வேள்வியின் பயன் அன்று. எந்த மாதம் மேடு, எந்த மாதம் பள்ளம் என்று கணக்குப் பார்த்த மூளையின் பயன். கெங்குவார்பட்டிக்கு அருகிலுள்ள மஞ்சளாற்று அணையும் அதே அறிவின் சிறு வடிவந்தான். 57 அடி உயரத்துக்கு அது தேக்கிவைப்பது ஐப்பசியின் முகட்டை. அதைக் கொண்டு பின்வரும் மாதங்களின் பள்ளத்தை நிரப்புகிறோம்.

இயற்கை வகுத்த பள்ளத்தையே மனிதன் நிரப்பினான். இதை நெஞ்சில் நிறுத்திக்கொள்வோம், பின்னால் வேண்டியிருக்கும்.

மழையில் மறைந்த முகட்டால் விளைச்சல் கெடும். மனித உயிரில் முகடு மறைந்தால்? 1941 முதல் 1951 வரையிலான பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டு என்று கணக்கிட்டார்கள். இதைக் கேட்டவர்கள், அக்காலத்தில் மக்கள் முப்பதைத் தாண்டியதும் முதுமையடைந்து மாண்டார்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இல்லை! இறந்தோரின் வயதை அடுக்கிப் பார்த்தால் ஒரு முகடு தொட்டிலின் அருகே எழும். மற்றொரு முகடு கைத்தடியின் அருகே எழும். 1951-இல் பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 146 குழந்தைகள் முதலாண்டையே தாண்டவில்லை என்பது அரசின் கணக்கு. பிழைத்து வளர்ந்தவரில் பலர் அறுபதையும் எழுபதையும் கண்டார்கள். சாவு பெரிதும் குவிந்தது அந்த இரு முனைகளில். 32 என்னும் எண் நின்றது நடுப்பள்ளத்தில்.

இந்த உண்மையை ஏடு மறைத்தது, பெயர்கள் மறைக்கவில்லை. முன்பிறந்த பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், அடுத்த குழந்தையைக் குப்பையில் இட்டு எடுத்துக் ‘குப்பை’ என்று பெயரிட்டாள். பிறர் வீட்டில் பிச்சையாகப் பெற்றதுபோல் பாவனை செய்து ‘பிச்சை’ என்று அழைத்தாள். இழிந்த பெயருள்ள குழந்தையைக் காலன் தொடமாட்டான் என்று நம்பினாள். அறியாமைதான்; ஆனால் அந்த அறியாமைக்குள் எவ்வளவு கண்ணீர்! நம் ஊர்களில் எத்தனை குப்பம்மாள்கள், எத்தனை பிச்சைகள்! ஒவ்வொரு பெயரும், தொட்டிலருகே எழுந்த அந்த முதல் முகட்டின் மேல் நட்ட கல்.

“அந்தக் காலத்தில் எல்லோரும் நூறு வயது வாழ்ந்தார்கள், கம்பும் கேழ்வரகும் உண்டார்கள், வைத்தியசாலை ஏது, ஊசி ஏது?” என்று திண்ணையில் பெருமை பேசுவோரைக் கேட்கிறோம். அவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டாம் முகட்டை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். முதல் முகட்டில் மாண்டவர்கள் திண்ணையில் அமர்ந்து பேச வரமாட்டார்கள் அல்லவா? பிழைத்தவனின் சாட்சியை மட்டும் கேட்டு எழுதும் வரலாறு பழம்பெருமைக்குத்தான் பயன்படும், பகுத்தறிவுக்குப் பயன்படாது.

குழந்தைச் சாவை விதி என்றார்கள், தலையெழுத்து என்றார்கள், முற்பிறவி வினை என்றார்கள். பெரியம்மையை அம்மன் விளையாட்டு என்றார்கள். தடுப்பூசி வந்தது; தூய குடிநீர் வந்தது; பேறுகாலம் பார்க்கப் பயின்ற செவிலியர் வந்தார்கள். 1975-க்குப் பிறகு இந்நாட்டில் பெரியம்மை கண்டவர் இல்லை. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் முதலாண்டுக்குள் இறப்பவை 13. இந்தியரின் சராசரி ஆயுள் 70-ஐத் தொட்டதற்குப் பெருங்காரணம், கிழவர்கள் இருமடங்கு வாழத் தொடங்கியது அன்று. தொட்டிலருகே நின்ற முகடு தரைமட்டமானதுதான்! தலையில் எழுதியதாயின் ஊசிமுனை அதை அழித்திருக்குமா? அழிந்தது, எனவே அது எழுத்து அன்று. கைவிடப்பட்டவர்களின் கணக்கு, அவ்வளவே.

இதுவரை கண்டது ஒருவகைப் பிழை: இரண்டு இருக்கையில் ஒன்றென்று சொல்வது. இதற்கு நேர் எதிரான பிழையும் ஒன்று உண்டு: ஒன்று இருக்கையில் இரண்டென்று சொல்வது. இந்நாட்டில் இரண்டாவது பிழைக்கே ஆயுள் அதிகம்.

ஓர் எளிய சான்று காண்போம். ஆண்களின் உயரத்தையும் பெண்களின் உயரத்தையும் ஒன்றாகக் கலந்து அடுக்கினால் இரு முகடு தோன்றும் என்று பலரும் எண்ணினார்கள், பாடநூல்களிலும் எழுதினார்கள். 2002-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் மூவர் இதை ஆராய்ந்து, அந்நாட்டு ஆண் பெண் உயரங்களை ஒன்றாக்கினால் இரு முகடு எழுவதில்லை, ஒரே முகடுதான் எழுகிறது என்று காட்டினார்கள். ஆணின் சராசரி வேறு, பெண்ணின் சராசரி வேறு என்பது மெய். ஆனால் ஆணுக்கு ஆண் உள்ள வேறுபாடும், பெண்ணுக்குப் பெண் உள்ள வேறுபாடும் மிகப் பெரியவை. அந்தப் பரப்பில் இடைவெளி மூழ்கிவிடுகிறது.

விதி இதுதான். ஒவ்வொருவரும் தம் கூட்டத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்பதைக் காட்டும் அளவுக்குத் திட்ட விலக்கம் என்று பெயர். ஒரே அளவுள்ள, ஒரே பரவலுள்ள, மணிவடிவான இரு கூட்டங்களைக் கலக்கும்போது, அவற்றின் சராசரிகளுக்கு இடையிலான தொலைவு திட்ட விலக்கத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினால்தான் நடுவே பள்ளம் விழும். தாண்டாவிட்டால் இரண்டும் ஒரே குன்றாய் நிற்கும். கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் உள்ள தொலைவை, கூட்டத்துக்குள்ளே உள்ள பரவலை வைத்தே அளக்க வேண்டும் என்ற இந்தக் கருத்துக்கு 1936-இல் செம்மையான கணித வடிவம் கொடுத்தவர் நம் நாட்டவரே: 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பிரசாந்த சந்திர மகலனோபிசு. மனித உடலின் அளவுகளை ஆராயப் புகுந்த ஆய்வே அவரை அங்குக் கொண்டு சேர்த்தது.

இந்த எச்சரிக்கை இல்லாத கையில் அளவுகோல் கிடைத்தால் என்ன ஆகும்? 1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின் ஆணையராக இருந்த எர்பர்ட் ரிஸ்லி, மக்களின் மூக்கை அளந்தார். மூக்கின் அகலம் குறையக் குறையச் சமூகத்தில் மதிப்பு உயர்கிறது என்று எழுதினார். உயர்ந்தோர் ஓர் இனம், தாழ்ந்தோர் வேறோர் இனம் என்ற பழம்புராணத்துக்கு வெள்ளைக்காரர் அளவுகோலால் புது முலாம் பூசப்பட்டது. சாதிக்கு வேதம் ஒரு சாட்சி; விஞ்ஞானம் மற்றொரு சாட்சி என்றாகிவிட்டது! அண்ணல் அம்பேத்கர், தீண்டப்படாதோர் பற்றி 1948-இல் வெளியிட்ட நூலில், அந்த ஆயுதத்தையே திருப்பிப் பிடித்தார். மூக்களவுகளை எடுத்துவைத்து, இந்த அளவைக்கு ஏதேனும் பொருள் உண்டென்றால், அது காட்டும் முடிவு பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் ஒரே இனத்தவர் என்பதே என்று நிறுவினார். இரு முகடு இருப்பதாகப் பேசினார்கள். எண்ணிப் பார்த்தால் ஒரே குன்று. பள்ளம் மூக்கில் இல்லை. பார்த்தவன் கண்ணில் இருந்தது.

விஞ்ஞானம் பேசினால் போதும், மடமை அகன்றுவிடும் என்று எண்ணும் இளைஞர்களுக்கு இன்னொரு செய்தி. நேப்பிள்சுக் கடற்கரையில் ஆயிரம் நண்டுகளை வெல்டன் என்பவர் அளந்தார். அவற்றின் நெற்றி அகலம் ஒருபுறம் சாய்ந்த ஒற்றை முகடாகத் தெரிந்தது. 1894-இல் கார்ல் பியர்சன் அந்தச் சாய்ந்த குன்றைப் பிளந்து, அது இரு கூட்டங்களின் கலப்பாகலாம் என்று காட்டினார். ஒன்பதாம் படிச் சமன்பாட்டைக் கையாலேயே தீர்த்த பேரறிவு அது! அதே பியர்சன் பின்னாளில் மனிதரை உயர்ந்த வித்து, தாழ்ந்த வித்து என்று பிரிக்கும் இனமேம்பாட்டுக் கொள்கையின் முன்னணியில் நின்றார். 1911-இல் இலண்டனில் அத்துறைக்கென்றே அமைந்த பேராசிரியர் பதவியில் அமர்ந்தார். 1925-இல், குடியேறிய யூதக் குழந்தைகள் தாழ்ந்தவர்கள் என்று எழுதவும் துணிந்தார். நண்டை அளந்தபோது எண்ணைப் பின்தொடர்ந்து முடிவுக்குச் சென்றவர், மனிதனை அளந்தபோது முடிவைப் பின்தொடர்ந்து எண்ணுக்குச் சென்றார். பகுத்தறிவு என்பது பிறர்மீது மட்டும் எய்யும் அம்பு அன்று, தோழர்களே. அளப்பவனையும் அது அளக்க வேண்டும்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கக்கூடும்: “மனிதரில் இல்லை என்கிறீர், இயற்கையில் பிறப்பிலேயே இரு வகுப்பு உண்டே, அதற்கு என்ன சொல்கிறீர்?” உண்டு, மறுக்கவில்லை. மாந்தோப்பில் இலைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கூடு கட்டும் முசுறு என்ற செவ்வெறும்பை அறிவோம். தம் கூட்டுப் புழுக்களின் நூலையே தறியோடம்போல் பயன்படுத்தித் தைக்கும் வியத்தகு உயிர் அது. அதன் வேலைக்கார எறும்புகளை அளந்து அடுக்கினால் தெளிவான இரு முகடு எழுகிறது: பெரியவை ஒரு குன்று, சிறியவை ஒரு குன்று; நடுவே ஏறத்தாழ வெறுமை. பெரியவை வெளியே சென்று இரை தேடும், காவல் நிற்கும், போர் செய்யும். சிறியவை பெரும்பாலும் கூட்டுக்குள் இருந்து குஞ்சுகளைப் பேணும். பார்த்தவுடன் வருணாசிரமவாதியின் முகம் மலரும்: “ஆகா! எறும்புக்கும் நாலு வருணத்தில் இரண்டு வாய்த்ததே!”

மலர்ந்த முகம் சற்றே பொறுக்கட்டும். அந்தப் பெரிய எறும்பும் சிறிய எறும்பும் ஒரே கூட்டின் பெண்மக்கள், உடன்பிறந்தவர்கள்! பெரியது பெரியதை ஈன்று, சிறியது சிறியதை ஈன்று, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குலம் அங்கே இல்லை. எறும்பினங்களில் பொதுவாக வேலைக்காரரின் உருவளவைப் பெரிதும் தீர்மானிப்பது புழுப்பருவத்தில் கிடைக்கும் உணவும் வளர்ப்பும். பிறப்பால் தொழில் என்னும் கொள்கைக்குச் சான்று தேடிப் போனவர், ஊட்டத்தால் உருவம் என்னும் உண்மையோடு திரும்புகிறார். அன்றியும், இயற்கையில் இருப்பதெல்லாம் அறம் என்றால் பெரியம்மையும் அறமே, காட்டுத்தீயும் அறமே. இருக்கிறது என்பது ஒன்று. இருக்க வேண்டும் என்பது வேறு. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் மனிதனின் சிந்தனை.

எறும்புக் கூட்டிலிருந்து வகுப்பறைக்கு வருவோம். ஊட்டத்தால் உருவம் என்ற உண்மை அங்கேதான் நமக்குப் பணி வைத்திருக்கிறது. நாற்பது மாணவர் உள்ள ஒரு வகுப்பைக் கற்பனை செய்வோம். இருபது பேர் இருபதை ஒட்டி மதிப்பெண் பெற்றார்கள். இருபது பேர் எண்பதை ஒட்டிப் பெற்றார்கள். சராசரி ஐம்பது. அறிக்கையில் ‘நடுத்தர வகுப்பு’ என்று எழுதி முடிக்கலாம். ஆசிரியரும் ஐம்பது மதிப்பெண் மாணவனை மனத்தில் இருத்திப் பாடம் நடத்தலாம். ஆனால் அந்த மாணவன் அவ்வகுப்பில் இல்லையே! எண்பதுக்கு அந்தப் பாடம் சலிப்பு. இருபதுக்கு அது புரியாத ஓசை. இல்லாத ஒருவனுக்காக இருக்கும் நாற்பது பேரும் பலியாகிறார்கள்.

அந்த இரு முகட்டை எது எழுப்பியது? மூளை என்று சொல்லிவிடுவது எளிது. அது தலையெழுத்து என்பதன் மறுபெயர். கேட்டுப் பார்த்தால் வேறு விடை கிடைக்கும். விடியுமுன் மலைத் தோட்ட வேலைக்குப் போகும் பெற்றோர். தம்பியைப் பார்த்துக்கொள்ளும் அக்காள். மாங்காய்ப் பருவத்தில் கூடை சுமக்கும் தோள். முதலிரண்டு வகுப்பில் எழுத்தறியாமலே மேலே ஏற்றிவிடப்பட்ட குழந்தை. எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஒவ்வொரு பாடமும் அடுத்ததற்குப் படிக்கட்டு. தெரியாதவனுக்கு ஒவ்வொரு பாடமும் அடுத்ததற்குத் தடைச்சுவர். தொடக்கத்தில் விரலளவு இருந்த இடைவெளி, ஆண்டுகள் செல்லச் செல்ல ஆற்றளவு ஆகிறது. இப்படித்தான் ஒரே குன்று இரண்டாகப் பிளக்கிறது.

பிளப்பதற்குக் கோடும் போடுகிறோம். பத்தாம் வகுப்பில் தேர்ச்சிக்கு 35. முப்பத்து நான்குக்கும் முப்பத்தைந்துக்கும் அறிவில் என்ன வேறுபாடு? ஒரு சொல்லின் வேறுபாடு. ஒரு கூட்டலின் வேறுபாடு. ஆயினும் ஒருவன் தேறியவன், மற்றவன் தவறியவன்! போலந்து நாட்டின் பள்ளி இறுதித் தேர்வில் தேர்ச்சிக்கு நூற்றுக்கு 30 வேண்டும். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கு வெளியான தாய்மொழித் தாளின் மதிப்பெண் படத்தைப் பார்த்தவர்கள் வியந்தார்கள்: முப்பதுக்குச் சற்றுக் கீழே திடீர்ப் பள்ளம், முப்பதில் திடீர் மேடு. கோட்டின் அருகே தத்தளித்தவர்களைத் திருத்துவோரின் இரக்கம் தூக்கிவிட்டிருக்கிறது. அந்தப் பள்ளத்தை வெட்டியது இயற்கை அன்று, ஒரு கோடு. மதிப்பெண் கோட்டுக்கே இவ்வளவு ஆற்றல் என்றால், பிறப்பின்மேல் கோடு போட்டு, ஒருபுறம் குளமும் கோயிலும் ஏடும், மறுபுறம் சேரியும் சாணமும் சவுக்கும் என்று நூற்றாண்டுக் கணக்கில் நடத்திய நாட்டில் எத்தனை ஆழமான பள்ளம் விழுந்திருக்கும்! விழுந்த பிறகு, ‘பார், அவர்கள் வேறு, நாங்கள் வேறு’ என்று கரையில் நின்று கைகாட்டுவது எத்தனை பெரிய புரட்டு!

பள்ளத்தை நிரப்ப முடியும் என்பதற்கு இந்நாடே சான்று. 1956-இல் காமராசர் ஆட்சியில் விரிந்த பள்ளி மதிய உணவும், 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவும், பசி என்னும் பள்ளத்தை நிரப்பப் போட்ட மண். அதே 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், சராசரி மாணவன் என்ற கற்பனையைக் கைவிட்டு, சிறுவரை அவரவர் கற்ற நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. நல்ல வழி. ஆனால் இங்கே விழிப்பு வேண்டும். அரும்பு மொட்டாக வேண்டும். மொட்டு மலராக வேண்டும். அதற்காகவே அந்தப் பெயர்கள். ஆண்டு முழுவதும் ஒரு குழந்தையை அரும்பு வரிசையிலேயே அமர்த்திவிட்டு, ‘இவன் அரும்புதான்’ என்று சொல்லத் தொடங்கினால் அது கல்வி ஆகாது. அழகிய தமிழ்ப்பெயர் சூட்டிய புதிய வருணமாகும். மேட்டையும் பள்ளத்தையும் கண்டறிவது நிரப்புவதற்காக, நிலைநாட்டுவதற்காக அன்று.

இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதே வேற்றுமை பாராட்டுவது ஆகாதா, எல்லோரையும் ஒன்றாக நடத்துவதுதானே சமத்துவம் என்று சிலர் கேட்கிறார்கள். அழகான கேள்வி, பள்ளத்தில் இருப்பவன் கேட்காத கேள்வி. வள்ளுவர் நடுவு நிலைமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதற்கு உவமையாக அவர் எடுத்தது துலாக்கோல். துலாக்கோல் என்ன செய்கிறது? இரண்டு தட்டையும் தனித்தனியே தாங்கி, எது தாழ்ந்தது, எது உயர்ந்தது என்று முதலில் காட்டுகிறது. பிறகுதான் சமன் செய்கிறது. சராசரியோ இரண்டு தட்டிலும் உள்ளதை ஒரே சாக்கில் கொட்டி, தாழ்வு ஏது, உயர்வு ஏது என்று கேட்கிறது. நடுவில் நிற்பதாகக் காட்டிக்கொள்ளும் எண் வேறு. நடுவு நிலைமை வேறு. முன்னது சோம்பல், பின்னது அறம்.

ஆகவே இளைஞர்களே, எந்த எண்ணைக் கண்டாலும் மூன்று கேள்வி கேட்போம். இந்தச் சராசரிக்குப் பின்னால் நிற்பது ஒரு குன்றா, இரண்டா? இரண்டு என்கிறவர்கள் எண்ணிப் பார்த்துச் சொல்கிறார்களா, எண்ணிக்கொண்டு சொல்கிறார்களா? இரண்டுதான் என்று உறுதியானால், அந்தப் பள்ளத்தை வெட்டியது யார். அதை நிரப்ப யாருக்கு மனமில்லை? முதற்கேள்வி அறிவுக்கு. இரண்டாம் கேள்வி ஆணவத்துக்கு. மூன்றாம் கேள்வி ஆட்சிக்கு, ஊருக்கு, நமக்கு.

மலைக்கு அப்பால் பெய்த மழையை இப்பால் கொண்டுவர எட்டாண்டு உழைத்தார்கள், நோயிலும் வெள்ளத்திலும் உயிர்கள் போயின, ஆனாலும் கொண்டுவந்தார்கள். அங்கே பள்ளத்தை வெட்டியது மலையும் காற்றும். கெஞ்சினாலும் இளகாத கல்லும், ஆணைக்கு அடங்காத முகிலும். மனிதன் மனிதனுக்கிடையே வெட்டிய பள்ளத்துக்கு அத்தகைய காவல் எதுவும் இல்லை. ஏட்டில் எழுதியதை ஏட்டில் அடிக்கலாம். கோடு போட்ட கையே கோட்டை அழிக்கலாம். கருங்கல்லைக் குடைந்த இனம், கருத்தைக் குடையத் தயங்குவதேன்?